தனி ஆளாக ஓட்ட முதல் கேட்டமரான் வாங்குவது எப்படி? டர்பன் பக்கத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் மிட்மார் அணையின் நடுவே, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த ஒரு ஹோபி 16 கேட்டமரானின் மேல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்றிருக்கிறேன். கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து தொங்குவேன். பாய்மரம் ஒரு முழம் எழும்பும், மறுபடி தண்ணீரில் விழும். என் எடை 68 கிலோ, படகு என்னைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கடைசியில் அந்தப் பக்கம் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒரு மோட்டார் படகுக்காரர் வந்தார். தன்னோடு இருந்த கனத்த உடம்புக்காரர் ஒருவரை என் பக்கத்தில் ஏற்றிவிட்டார். இருவரும் சேர்ந்து சாய்ந்ததும் படகு சட்டென்று நிமிர்ந்துகொண்டது. அந்தப் படகை நான் வாங்கியதற்கு இரண்டே காரணம்தான்: விலை மலிவு, பார்க்க அழகு.

அதனால் யாராவது "தனியாக ஓட்ட ஒரு சின்ன கேட்டமரான் வாங்கலாம் என்று இருக்கிறேன்" என்று சொன்னால், நான் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றியோ விலையைப் பற்றியோ அல்ல. கவிழ்ந்தால் நீங்கள் ஒருவரே அதை நிமிர்த்த முடியுமா? கரைக்கு வந்தபின் ஒருவரே மேலே இழுக்க முடியுமா? இந்த இரண்டுக்கும் "ஆம்" என்று வந்த பிறகு மற்றதெல்லாம் பேசலாம்.

கேட்டமரான் என்பது நம் கட்டுமரம் என்ற சொல்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பொருள் இடம் மாறிவிட்டது. நான் பிறந்த குமரிக் கடற்கரையில் கட்டுமரம் என்றால் மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். நீண்ட இரண்டு உடல்களை நடுவில் இடைவெளி விட்டு இணைப்பது பசிபிக் தீவுக்காரர்களின் கலை. வெள்ளைக்காரர்கள் நம் சொல்லை எடுத்து அவர்கள் படகுக்குச் சூட்டிவிட்டார்கள். நமக்கு இங்கே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கட்டுமரம் புரண்டால் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்வார்கள். கேட்டமரான் நேராக மிதக்கும்போது எவ்வளவு உறுதியோ, தலைகீழாகக் கிடக்கும்போதும் அவ்வளவு உறுதி. தானாக ஒருபோதும் நிமிராது.

சொற்களைப் பற்றிச் சின்ன விளக்கம்: பாயை மேலே ஏற்றும் கயிற்றை ஆஞ்சான் என்றும், காற்றுக்கு ஏற்றபடி பாயை இழுத்து விடும் கயிற்றைத் தாமான் என்றும், படகின் முன்முனையை அணியம் என்றும் எங்கள் ஊர் வழக்கப்படியே எழுதுகிறேன். இரண்டு நீண்ட உடல்களையும் மிதவை என்றும், அவற்றுக்கு நடுவே உட்காருவதற்காக இழுத்துக் கட்டிய வலையை வலைத்தளம் என்றும் சொல்லிவிடுகிறேன்.

முதல் படி: எந்தத் தண்ணீரில் ஓட்டப் போகிறீர்கள்?

படகைத் தேடுவதற்கு முன் தண்ணீரை முடிவு செய்யுங்கள். டர்பனில் இருப்பவர்கள் இயல்பாகக் கடலைத்தான் நினைப்பார்கள். வேண்டாம், முதல் வருடம் கடல் வேண்டாம். இந்தக் கரையில் நேரடி அலை அடிக்கிறது. உடையும் அலையைத் தாண்டி வெளியே போவதும், திரும்பி வரும்போது அலை பின்னாலிருந்து தூக்காமல் கரை சேர்வதும் தனிப் பயிற்சி. இதற்கு மேல் காற்று. இங்கே வடகிழக்கும் தென்மேற்கும் மாறி மாறி ஆளும். உள்நாட்டிலிருந்து சூடான பெர்க் காற்று வீசி, பிறகு ஒரு மயான அமைதி வந்தால் ஏமாறாதீர்கள். கொஞ்ச நேரத்தில் தென்மேற்குக் காற்று கதவை உதைத்துக்கொண்டு வருவதுபோல் வந்து சேரலாம். தனி ஆள் அப்போது வெளியே இருக்கக் கூடாது. சுறா வலைகள் 1952-லிருந்து குளிக்கும் கடற்கரைகளின் ஓரமாகத்தான் போடப்படுகின்றன. அவற்றுக்கு வெளியே கவிழ்ந்தால் மனநிலை எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குள் அலை இல்லைதான். ஆனால் பெரிய சரக்குக் கப்பல்கள் போய்வரும் இடம், வழிவிட வேண்டியது நீங்கள்தான்.

ஆக, அணைக்கட்டு. டர்பனிலிருந்து என்3 சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி ஹோவிக் பக்கத்தில் இருக்கும் மிட்மார்தான் என் தேர்வு. சுமார் நூறு கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால் தண்ணீர் குளிர்ச்சி, புல் கரை, திறந்த நீர்ப்பரப்பு. இனாண்டா இன்னும் கிட்ட இருக்கிறது, ஆனால் ஆகாயத்தாமரை படர்ந்துவிட்டால் சுக்கான் சிக்கிக்கொள்ளும். தாழ்வான, வெப்பமான நீர்நிலைகளில் பில்ஹார்சியா ஒட்டுண்ணியின் பயமும் உண்டு. கவிழ்ந்து கவிழ்ந்து கற்கப் போகிறவருக்கு அது சின்ன விஷயம் அல்ல.

மிட்மாரிலும் ஒரு நிபந்தனை. கோடையில், அக்டோபர் முதல் மார்ச் வரை, மதியத்துக்கு மேல் இடிமழை மேகம் எழும்பும். அலுமினியப் பாய்மரத்தை நட்டு வைத்துக்கொண்டு தண்ணீர் நடுவில் உட்கார்ந்திருப்பவர் அந்த வட்டாரத்திலேயே உயரமான பொருள் ஆகிவிடுகிறார். காலையில் போங்கள், மதியச் சாப்பாட்டுக்குக் கரைக்கு வந்துவிடுங்கள்.

மிட்மாரில் தேங்குவது உம்கேனி ஆறு. அதே ஆறுதான் ஹோவிக் அருவியாக விழுந்து, பல அணைகளைக் கடந்து, டர்பனில் கடலில் கலக்கிறது. 1917 அக்டோபர் 28 அன்று அது கரை உடைத்துப் பெருகியபோது, மாரிமுத்து படவட்டானும் அவரோடு ஐந்து பேரும் மீன்பிடிப் படகை எடுத்துக்கொண்டு வெள்ளத்துக்குள் போய் 176 உயிர்களைக் காப்பாற்றினார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் என் காதில் "படவோட்டி" என்றுதான் விழுகிறது. என் பக்கத்து வீட்டுத் தாத்தா இங்கே குடியேறிய தமிழர்களின் நான்காம் தலைமுறைக்காரர். அவருக்குத் தமிழில் மிஞ்சியிருப்பது சமையல் சொற்களும் உறவுச் சொற்களும்தான். ஆனால் அந்த அறுவரின் கதையை மட்டும் நேற்று நடந்ததுபோல் சொல்வார். நான் ஓட்டப் போகிறேன் என்றதும் அவர் கேட்டது: "தம்பி, கூட யாரு?" யாரும் இல்லை தாத்தா என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டாம் படி: உங்களை எடை போடுங்கள்

இதுதான் கட்டுரையின் இதயம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கேட்டமரான் பக்கவாட்டில் கவிழ்ந்தால் ஒரு மிதவை தண்ணீரில், இன்னொன்று அதற்கு நேர் மேலே காற்றில். பாய்மரம் தண்ணீரின் மேல் படுத்திருக்கும். இப்போது உங்களுக்கு எதிரி மிதவைகளின் எடை அல்ல. அவை ஏறக்குறைய உங்கள் காலுக்கு நேர் மேலேதான் இருக்கின்றன. எதிரி, தூரத்தில் நீட்டிக் கிடக்கும் பாய்மரமும், அதில் ஒட்டிய ஈரப் பாயும். கணக்கு எளிதாக இருக்க, மரமும் பாயும் சேர்ந்து 20 கிலோ, மரத்தின் நீளம் எட்டு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எடையின் மையம் நான்கு மீட்டர் தள்ளி. 20-ஐ 4-ஆல் பெருக்கினால் 80. பாயின் மேல் தேங்கும் தண்ணீர் தனி. எதிர்ப்பக்கம் நீங்கள்: கீழ் மிதவையில் நின்று, கயிற்றைப் பிடித்துப் பின்னால் நன்றாகச் சாய்ந்தால் உங்கள் உடலின் மையம் ஒரு மீட்டர் அளவுக்கு வெளியே போகும். 68 கிலோ ஆளுக்கு 68-ஐ ஒன்றால் பெருக்க வேண்டியதுதான். 80-க்கு எதிரே 68. ஒரு முழம் எழும்பி மறுபடி விழுவதன் ரகசியம் இதுதான்.

இதே கணக்கைச் சின்னப் படகுக்குப் போடுங்கள். மரம் ஆறரை மீட்டர், எடை 14 கிலோ என்றால் 45, 46 அளவுதான் வரும். காற்றும் கொஞ்சம் உதவினால் 60 கிலோ ஆள்கூட நிமிர்த்திவிடலாம். மரத்தின் நீளம் கூடக் கூட எடையும் கூடும், தூரமும் கூடும். இரண்டும் பெருகுவதால் இரண்டடி நீளமான படகு இரண்டு மடங்கு பிடிவாதக்காரனாக மாறிவிடுகிறது.

ஹோபி 16 வகுப்புப் போட்டிகளில் படகில் இருப்பவர்களின் மொத்த எடை குறைந்தது 129 கிலோ இருக்க வேண்டும் என்று விதி. அது போட்டி நியாயத்துக்கான விதிதான், ஆனாலும் இந்தப் படகு எத்தனை பேருக்காக உருவானது என்பது அதிலேயே தெரிகிறது. நான் வாங்கும்போது இந்த எண் எனக்குத் தெரியாது. விற்றவருக்குத் தெரிந்திருக்கும்.

எடை போதாதவர்களுக்கு மூன்று உதவிகள் உண்டு. ஒன்று, நிமிர்த்தும் கயிறு: விரல் தடிமனில், ஒரு அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, வலைத்தளத்தின் அடியில் எப்போதும் கட்டி வைத்திருப்பது. இது எந்தப் படகிலும் கட்டாயம். இரண்டு, தண்ணீர்ப் பை: கவிழ்ந்தபின் அறுபது எழுபது லிட்டர் தண்ணீரை மொண்டு, கப்பி வழியாகத் தூக்கி, முதுகுப் பக்கம் தொங்கவிட்டுச் சாய்வது. வேலை செய்யும், ஆனால் குளிரில் நடுங்கிக்கொண்டு செய்ய வேண்டியிருக்கும். மூன்று, பாய்மர உச்சியில் ஒரு மிதவைப் பந்து. அது நிமிர்த்தாது, ஆனால் படகு முழுத் தலைகீழாகப் போகாமல் தடுக்கும். தனி ஆளுக்கு அது பெரிய காப்பு. போட்டிக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மூன்றாம் படி: எந்தப் படகு?

இந்த நாட்டில் பெரிய கேட்டமரான்கள் கட்டும் தொழில் கேப் டவுன் பக்கம் கொடிகட்டிப் பறக்கிறது. நாம் பேசுவது அதுவல்ல, டிரெய்லரில் இழுத்துப் போகும் கடற்கரைக் கேட்டமரான்களை. பழைய சந்தையில் பத்தில் பெரும்பாலானவை ஹோபி என்ற பெயரில்தான் கண்ணில் படும். கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர் 1960-களின் கடைசியில் தொடங்கிவைத்தவை.

ஹோபி 14 தனி ஆளுக்கென்றே பிறந்தது. 14 அடி நீளம், எடை நூறு கிலோவை ஒட்டி, முன்பாய் கிடையாது, ஒரே பெரிய பாய், சுமார் 11 சதுர மீட்டர். மிதவைகள் வாழைப்பழம்போல் வளைந்து, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டைப் பக்கம்தான் பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. அதற்கென்று அடியில் இறக்கும் டாகர்போர்டு பலகை தனியாகக் கிடையாது, அதனால் ஆழமில்லாத இடத்திலும் உடைய ஒன்றுமில்லை. குறை இரண்டு. முன்பாய் இல்லாததால் எதிர்காற்றில் திரும்பும்போது நடுவழியில் நின்றுவிடும். பின்காற்றில் வேகம் பிடித்தால் அணியம் தண்ணீரில் குத்தி, படகு குட்டிக்கரணம் அடிக்கும். பின்னால் நகர்ந்து உட்காரப் பழகினால் இரண்டாவது குறை பாதி தீரும். 65 முதல் 85 கிலோ வரை இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

ஹோபி வேவ் வேறு ஜாதி. 13 அடி, சுமார் 110 கிலோ, அச்சில் சுழற்றி வார்த்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். பாறையில் முட்டினாலும் கீறலோடு போய்விடும். பாய் சிறியது, கீழே பூம் என்ற குறுக்குக்கம்பு கிடையாது. தலையில் அடிபட வாய்ப்பில்லை என்பதே ஆரம்பத்தில் எவ்வளவு நிம்மதி! வேகப் பைத்தியம் உள்ளவர்களுக்கு ஒரு வருடத்தில் அலுத்துவிடும். மற்றவர்களுக்கு அலுக்காது. அதே பிளாஸ்டிக்கில் வரும் கெட்அவே நல்ல குடும்பப் படகு, ஆனால் 175 கிலோவுக்கு மேல். தனி ஆளுக்கு வேண்டாம்.

ஹோபி 16 பற்றி ஏற்கெனவே அழுதாகிவிட்டது: 145 கிலோ, இரண்டு பாய், சேர்த்து இருபது சதுர மீட்டர் அளவு. உலகம் முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற படகு, அருமையான படகு, கூட ஆள் இருந்தால். நீங்கள் 95 கிலோவுக்கு மேல் இருந்து, தண்ணீர்ப் பையும் வைத்துக்கொண்டு, மெல்லிய காற்றில் மட்டும் போவதாக இருந்தால் யோசிக்கலாம்.

டார்ட் 18 ஒலிம்பிக்கில் ஓடிய டார்னடோவை வரைந்த ராட்னி மார்ச்சின் கைவண்ணம். பூம் இல்லை, ஓட்டுவது இனிமை, ஆனால் நிமிர்த்துவதில் ஹோபி 16-க்குப் பக்கத்து வீடு. ஏ-கிளாஸ் என்ற தனியாள் பந்தயப் படகு 18 அடி நீளத்துக்கு வெறும் 75 கிலோதான் என்று கேட்டதும் ஆசை வரும். கார்பன் பாய்மரம் ஒன்பது மீட்டர், மெல்லிய ஓடு, தவறுக்கு மன்னிப்பு கிடையாது. மூன்றாவது படகாக வாங்குங்கள்.

நான்காம் படி: தனி ஆள் கண்ணால் பாயைப் பாருங்கள்

தனியாக ஓட்டும்போது உங்களுக்கு இரண்டு கைகள்தான். ஒன்று சுக்கான் கம்பில், இன்னொன்று தாமானில். மூன்றாவது கயிறு எதுவாக இருந்தாலும் அதற்குக் கை கிடையாது. அதனால் முன்பாய் இருந்தால் அது சுருட்டி வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். முன்பாய் இல்லாவிட்டால் இன்னும் நல்லது, திரும்பும் கலையை மட்டும் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கலை இதுதான்: நல்ல வேகத்தில், பாயை இறுக்கிப் பிடித்து, சுக்கானை வெடுக்கென்று தள்ளாமல் மெதுவாகத் திருப்பத் தொடங்குங்கள். அணியம் காற்றைத் தாண்டும்போது தாமானைத் தளர்த்துங்கள், மறுபக்கம் மாறி உட்காருங்கள். நடுவில் நின்றுவிட்டால் பதறாதீர்கள், படகு பின்னோக்கி நகரத் தொடங்கும். அப்போது சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பினால், காரை ரிவர்ஸ் எடுப்பதுபோல், அணியம் தானாக விழுந்து கொடுக்கும்.

பலரும் கேட்காத ஒன்று: பாயைத் தண்ணீரிலேயே இறக்க முடியுமா? பழைய ஹோபிகளில் ஆஞ்சானை இழுத்ததும் பாய் மர உச்சியில் ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். கரையில் நின்று லாவகமாக உதறினால்தான் கழலும். காற்று கூடிவிட்டால் தண்ணீர் நடுவில் அதை இறக்குவது நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் இந்தப் படகுகளில் காற்று கூடுவதற்கு முன்பே கரை சேர்வதுதான் பிரேக்.

ஐந்தாம் படி: கரையில் உள்ள வேலை

தண்ணீரில் ஒரு மணி நேரம் என்றால் கரையில் இரண்டு மணி நேரம். விளம்பரங்களில் இது வராது.

பாய்மரத்தைத் தனி ஆளாக நிமிர்த்திப் பாருங்கள், வாங்குவதற்கு முன்பே, விற்பவர் முன்னிலையில். ஹோபி 14-இன் மரத்தை அடியில் கீல் ஊசி போட்டு, தோளில் வைத்து நடந்து நிமிர்த்திவிடலாம். 16-இன் எட்டு மீட்டர் மரம் காற்றில் ஆடும்போது எதிர்ப்பக்கம் கம்பியை மாட்ட இன்னொரு கை வேண்டும். எதுவானாலும் முதலில் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். மின்கம்பியில் பாய்மரம் பட்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் ஹோபி மரங்கள் பலவற்றில் உச்சிப் பகுதியை மின்சாரம் கடத்தாத ஃபைபர்கிளாஸில் செய்தார்கள். மரத்தை நிமிர்த்திய பிறகு படகை டிரெய்லரோடு ஓட்டிப் போகவே கூடாது.

அடுத்தது தள்ளுவண்டி. பருத்த காற்று டயர் போட்ட இரண்டு சக்கரம் இல்லாமல் நூறு கிலோவைப் புல்லிலும் மணலிலும் ஒரு ஆள் இழுக்க முடியாது. விலையில் சேர்த்துப் பேசுங்கள். பழைய படகோடு இது வராவிட்டால், தனியாக வாங்கும்போது வலிக்கும்.

டிரெய்லருக்கு எண் பலகையும் செல்லுபடியாகும் உரிம வில்லையும் இருக்கிறதா, பெயர் மாற்றப் பத்திரம் விற்பவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். "பேப்பரெல்லாம் மாமா வீட்டில் இருக்கிறது, அப்புறம் அனுப்புகிறேன்" என்றால் பணத்தையும் அப்புறமே அனுப்புங்கள். நான் அந்த அப்புறத்துக்காக ஏழு மாதம் காத்திருந்தேன்.

ஆறாம் படி: பழைய படகைச் சோதிப்பது

கையில் ஒரு ரூபாய்க் காசு, இங்கே ஐந்து ராண்ட் நாணயம், கொஞ்சம் சோப்புத் தண்ணீர், ஒரு பழைய துணி. இவ்வளவு போதும்.

ஃபைபர்கிளாஸ் மிதவையின் மேல்தளம் இரண்டு மெல்லிய ஓடுகளுக்கு நடுவே நுரை வைத்த சாண்ட்விச். வெயிலும் தண்ணீரும் போனால் ஓடு நுரையிலிருந்து பிரிந்துவிடும். காசால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் "டக் டக்" என்று கூர்மையாகக் கேட்கும். கெட்ட இடம் பழுத்த பலாப்பழத்தைத் தட்டியதுபோல் மந்தமாகக் கேட்கும். கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போய் வரும். இரண்டு மிதவைகளையும் இணைக்கும் முன் குறுக்குக்கம்பி வந்து சேரும் இடத்துக்கு முன்னும் பின்னும் ஒரு முழம் தூரத்தை இரண்டு முறை தட்டுங்கள், பாரம் முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. உள்ளங்கை அளவு மென்மை என்றால் பசை செலுத்திச் சரிசெய்யலாம். நாளிதழ் அளவு மென்மை என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். என் 16-இல் நாளிதழை விரிக்கலாம். மேலே புதுப் பெயின்ட் பளபளத்ததால் நான் தட்டிப் பார்க்கவே இல்லை. பழைய படகில் புதுப் பெயின்ட் என்றால் இப்போது எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும்.

படகைத் தூக்கி அடியைப் பாருங்கள். மணலில் இழுத்து இழுத்து அடிக்கோடு தேய்ந்திருக்கும். துணி இழை தெரிந்தாலோ, அழுத்தினால் வளைந்தாலோ பூச்சு வேலை காத்திருக்கிறது.

பிறகு கசிவு. மிதவையின் பின்னால் உள்ள தக்கையைக் கழற்றி, துணியைச் சுற்றி வாயால் ஊதிக்கொண்டே, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லுங்கள். நுரை எழும்பும் இடம் ஓட்டை. கம்ப்ரசர் வைத்து ஊத வேண்டாம், மேல்தளமும் அடியும் சேரும் மூட்டே விட்டுப்போகும்.

மரத்தைத் தாங்கும் கம்பிக்கயிறுகளில் துணியை இழுத்துக்கொண்டே போங்கள். ஒரு இழை உடைந்திருந்தாலும் துணி சிக்கும். சிக்கினால் அந்தக் கம்பி குப்பைக்கு. எத்தனை வயதென்று விற்பவருக்கே தெரியாவிட்டால் பார்க்காமலே மாற்றிவிடுங்கள். தண்ணீர் நடுவில் மரம் விழுவதைவிட மலிவு. ரிவெட்டுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அலுமினியம் அரிக்கிறது. படகின் ஒரு மூலையைத் தூக்குங்கள். எதிர்மூலை உடனே சேர்ந்து எழும்பாமல் நெளிந்தால் இணைப்புகள் தளர்ந்திருக்கின்றன. வலைத்தளத்தின் தையல் நூலை நகத்தால் கீறுங்கள். பொடிந்தால் வெயில் தின்றுவிட்டது. பாய்த்துணி காகிதம்போல் சரசரத்தால் அது புதுசு என்று விற்பவர் சொல்லலாம். புதுசின் சரசரப்பும் கிழியப் போகும் துணியின் மொடமொடப்பும் வேறு, ஓரத்தில் ஒரு தையலை இழுத்தால் தெரிந்துவிடும்.

பிளாஸ்டிக் படகு என்றால் தட்ட வேண்டியதில்லை. வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பாலிஎத்திலீன் சாதாரணப் பசைக்கு ஒட்டாது, வெல்டிங் தெரிந்த ஆளைத் தேட வேண்டும்.

பேரம் பேசும்போது ஒன்றை மறக்காதீர்கள். பழைய ஹோபிக்குப் புதுப் பாய், கம்பி, வலைத்தளம் மூன்றும் வாங்கினால் அந்தச் செலவு படகின் விலையைத் தாண்டிவிடலாம். ஆகையால் மூன்றும் நன்றாக இருக்கும் படகு, சற்று விலை கூடினாலும், உண்மையில் மலிவு.

ஏழாம் படி: உடம்பில் என்ன இருக்க வேண்டும்

படகில் வைத்த பொருள் படகோடு போய்விடும். தனி ஆள் தவறி விழுந்தால் கேட்டமரான் அவருக்காக நிற்பதில்லை, பாய் தளர்ந்திருந்தாலும் காற்று தள்ளும் வேகத்துக்கு நீந்திப் பிடிக்க முடியாது. அதனால் தாமானின் நுனி எப்போதும் கையில். விழும்போதும் கையில். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

லைஃப் ஜாக்கெட், அதில் கட்டிய விசில், கயிறு அறுக்க ஒரு சின்னக் கத்தி, நீர்புகாப் பையில் போன். மிட்மாரில் குளிர்காலம் என்றால் வெட்சூட் கட்டாயம், உறைந்த விரல்கள் முடிச்சைப் பிடிக்காது. தேசியக் கடல் மீட்பு நிறுவனமான என்.எஸ்.ஆர்.ஐ. சேஃப்டிரெக்ஸ் என்ற இலவசச் செயலி வைத்திருக்கிறது. எப்போது கிளம்புகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று பதிந்துவிட்டால், நீங்கள் திரும்பாதபோது உங்கள் வீட்டாருக்குத் தகவல் போகும். அது போக, கரையில் ஒரு மனிதரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். நான் இப்போது தாத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுகிறேன். திரும்பியதும் இன்னொன்று. இரண்டாவது பதிவு தாமதமானால் அவரே கூப்பிடுகிறார்: "என்னப்பா, ஏறிட்டியா?"

எட்டாம் படி: முதல் நாள் கவிழ்த்துப் பாருங்கள்

காற்று ஐந்திலிருந்து எட்டு நாட் வரை உள்ள ஒரு காலையைத் தேர்ந்தெடுங்கள். போன் செயலியில் மணிக்கு 10 முதல் 15 கிலோமீட்டர் என்று காட்டும். தண்ணீரில் வெள்ளை நுரைத் தலைகள் அங்கங்கே முளைத்தால் அன்று புதியவர்களுக்கு விடுமுறை. கரையில் ஒரு நண்பரையும், முடிந்தால் பக்கத்தில் ஒரு படகையும் வைத்துக்கொண்டு, இடுப்பளவு ஆழத்தைத் தாண்டிப் போய் வேண்டுமென்றே கவிழ்த்துங்கள். மரத்தின் உச்சி சேற்றில் குத்தாத ஆழமாக இருக்கட்டும்.

கவிழ்ந்ததும் முதல் வேலை, படகைப் பிடிப்பது. இரண்டாவது, தாமானை முழுவதும் அவிழ்த்து விடுவது. இதை மறந்தால் நிமிர்ந்த படகு உங்களை விட்டுவிட்டு ஓடும், அல்லது மறுபக்கம் கவிழும். அப்புறம் கீழ் மிதவையின் மேல் ஏறி, அணியத்தை நோக்கி நகருங்கள். உங்கள் பாரத்தில் முன்பக்கம் அமிழ்ந்து, படகு மெல்லச் சுழன்று காற்றைப் பார்க்கும். காற்று பாயின் அடியில் நுழையும் நிலை வந்ததும் நடுவுக்கு வந்து, கயிற்றைப் பிடித்து, முழங்காலை நேராக்கி, முதுகு தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சாயுங்கள். இழுக்க வேண்டாம், தொங்குங்கள். பாயிலிருந்து தண்ணீர் வடியும்வரை ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், அப்படியே இருங்கள். மரம் தண்ணீரை விட்டு எழும்பியதும் மீதி விறுவிறுவென்று நடக்கும். மேல் மிதவை உங்கள் பக்கமாக விழும்போது தலையைக் காத்துக்கொண்டு, முன் குறுக்குக்கம்பியைப் பற்றிக்கொள்ளுங்கள். உங்கள் எடை அங்கே தொங்கினால் படகு மறுபக்கம் போகாது, உங்களை விட்டும் போகாது.

பத்து நிமிடத்துக்குள் முடிந்ததா? நல்லது, ஓய்வெடுத்துவிட்டு மறுபடி ஒருமுறை, களைத்த உடம்போடு. இரண்டாவது முறைதான் உண்மையான சோதனை. முடியவில்லை என்றால் தண்ணீர்ப் பை வாங்குங்கள், அதற்கும் முடியாவிட்டால் படகை மாற்றுங்கள். நான் 16-ஐ வாங்கிய விலைக்கும் குறைத்து விற்று, வெளுத்துப்போன ஒரு 14-ஐ வாங்கினேன். மென்மையான இடங்களைச் சாக்குக்கட்டியால் வட்டமிட்டுக் காட்டித்தான் விற்றேன். வாங்கியவர்கள் அண்ணன் தம்பி இருவர், சேர்ந்து 160 கிலோ இருப்பார்கள்.

கரைக்கு வந்ததும் இரண்டு தக்கைகளையும் கழற்றி, அணியத்தைத் தூக்கிப் பிடித்து, மிதவைக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு டம்ளர் வந்தால் பரவாயில்லை. வாளிக் கணக்கில் வந்தால் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஆறாம் படிக்குப் போக வேண்டியதுதான்.